அம்மம்மாவை உசாத்துணையில் எப்படிப் போடுவது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆய்வேடு பற்றியவைதான். கம்பஸில் இறுதி வருடப் பிள்ளைகள், பட்டப்பின் படிப்புக்குப் பதிந்த ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பிறகு ஊர் வரலாறு எழுத உட்கார்ந்த பெரியவர்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில் வந்து மாட்டியிருக்கிறார்கள். எதை மூலம் என்று காட்டலாம், எதைக் காட்டினால் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் சுழிப்பார் என்பதுதான் எல்லாருடைய பிரச்சினையும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி என்பதுதான் என் தலைப்பு. இருபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் வாசித்து உசாத்துணையில் வரிசையாகப் போட்டேன். "முதல்நிலை மூலங்கள் எங்கே?" என்று ஒரே வரி எழுதித் திருப்பித் தந்துவிட்டார் சேர். புத்தகம் மூலம் இல்லையா?
– இறுதி வருட மாணவி, கோண்டாவில்

மூலம்தான் தங்கச்சி. ஆனால் அவை எல்லாம் உங்களைப்போல இன்னொருவர் உட்கார்ந்து பழையதை வாசித்து எழுதியவை, அதைத்தான் இரண்டாம்நிலை என்கிறார்கள். நடந்த காலத்திலேயே, நடந்ததோடு சம்பந்தப்பட்டவர்கள் கையால் உண்டானவை முதல்நிலை: கடிதம், நாட்குறிப்பு, பாடசாலை வரவு இடாப்பு, அன்றைய பத்திரிகை, அரசாங்க அறிக்கை, புகைப்படம், காணி உறுதி, ஏன், பழைய கட்டடம்கூட. இந்த இரண்டையும் சுருக்கித் தருகிற கலைக்களஞ்சியம், பாடநூல், அகராதி போன்றவை மூன்றாம்நிலை. வரைவிலக்கணம் இவ்வளவுதான். இதைப் பாடமாக்கிப் பிரயோசனமில்லை, உங்கள் தலைப்பிலேயே வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். அதில் முன்நின்ற ஹரியற் வின்சுலோ அம்மையார் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. அவர் 1833இல் காலமான பிறகு கணவர் மைரன் வின்சுலோ (பிற்காலத்தில் பெரிய தமிழ் – ஆங்கில அகராதி போட்ட அதே வின்சுலோதான்) அவற்றைச் சேர்த்து 1835இல் நினைவு நூலாக வெளியிட்டார். இப்போது இந்தப் புத்தகம் முதல்நிலையா, இரண்டாம்நிலையா? உள்ளே இருக்கும் கடிதம் முதல்நிலை. ஆனால் எந்தக் கடிதத்தைப் போடுவது, எந்தப் பகுதியை விடுவது என்று முடிவெடுத்தது மனைவியை இழந்த ஒரு மிஷனரி. அவர் எதை விட்டிருப்பார் என்று யோசிப்பது உங்கள் வேலை, அந்த யோசனையை ஆய்வேட்டில் நாலு வரி எழுதினால் உங்கள் சேர் சிவப்பு மையை மூடி வைத்துவிடுவார்.

அதேபோலத்தான் பொஸ்டனில் அச்சான மிஷனரி ஹெரல்ட் இதழும். யாழ்ப்பாணத்திலிருந்து போன கடிதங்கள் அதில் வந்திருக்கின்றன, பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வருடவாரியாகக் கிடக்கின்றன, விசாவும் வேண்டாம் காசும் வேண்டாம். ஆனால் அது மிஷனுக்குக் காசு கொடுக்கிற சபையார் வாசித்த இதழ். "இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்" என்று அதில் வருவதை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மிஷனின் மூலக் கடிதங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1841இல் தொடங்கிய உதயதாரகையையும் விட்டுவிடாதீர்கள், தமிழும் ஆங்கிலமுமாக வந்த பத்திரிகை அது.

இருபது புத்தகத்தையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் அடிக்குறிப்பையும் வடிவாகப் பாருங்கள், அந்த ஆசிரியர் எந்தக் கடிதத்தை, எந்த அறிக்கையைப் பார்த்து எழுதினார் என்று இருக்கும். அந்த வழியே போனால் முதல்நிலை மூலத்தில் போய் நிற்பீர்கள். இன்னொன்று: இவ்வளவு கடிதத்திலும் அந்த விடுதியில் படித்த பெண்பிள்ளைகள் தாங்களாக எழுதியது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எனக்கென்றால் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அங்கேதான் கிடக்கிறது.

கேள்வி: யாழ்ப்பாண வைபவமாலை முதல்நிலை மூலமா, இரண்டாம்நிலையா? எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இதற்கு ஒரு சண்டையே நடந்துவிட்டது.
– வரலாற்று ஆசிரியர், பருத்தித்துறை

சண்டை பிடித்த இரண்டு பக்கமும் சரி என்று சொன்னால் இரண்டு பக்கமும் என்னோடு சண்டைக்கு வரும். பரவாயில்லை.

யாழ்ப்பாண அரசர்களின் கதை சொல்கிற நூல் அது. மயில்வாகனப் புலவர் அதை எழுதியது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். அதாவது கடைசி அரசன் போய் 100 வருடத்துக்குப் பிறகு எழுதிய நூல், அந்த அரச வம்சத்தின் முதல் ஆரியச்சக்கரவர்த்தியிலிருந்து கணக்குப் பார்த்தால் இன்னும் பல நூற்றாண்டு. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பார்த்து எழுதியதாக நூலே சொல்கிறது. ஆகவே "13ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்டால் வைபவமாலை பிந்திய தொகுப்பு, அதன் ஆண்டுக் கணக்கை அப்படியே எடுத்தால் விழுவீர்கள். "ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தவர் தங்கள் அரசர்களை எப்படி நினைத்து வைத்திருந்தார்கள், எந்தக் குடியை எந்த இடத்தில் வைத்தார்கள்?" என்று கேட்டால் அதைவிட நல்ல முதல்நிலை மூலம் கிடையாது. நூல் மாறவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது. ஓய்வறையில் இரண்டு பேரும் வேறு வேறு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்திருப்பார்கள்.

போர்த்துக்கேயப் பக்கத்து நூல்களும் இதற்கு விலக்கல்ல. குவேறோஸ் பாதிரியார் இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி பற்றிய தன் பெரிய நூலைக் கோவாவில் இருந்து எழுதி முடித்தது 1680களில். 1658இலேயே யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரர் எழுதினால் நேரில் கண்டதாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது.

இரண்டாம்நிலை நூலுக்கும் வயது உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் சேர். பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கலாநிதி ஆய்வேட்டில் இலங்கையின் தமிழ்க் குடியேற்றங்கள் பற்றிச் சொன்ன முடிவுகளை, தானே 2005இல் வெளியிட்ட நூலில் காலங்கடந்தவை என்று ஒதுக்கினார். இடையில் ஆனைக்கோட்டை போன்ற இடங்களில் அகழ்வுகள் நடந்து புதிய சான்றுகள் வந்தன. இன்றைக்கும் 1965 ஆய்வேட்டை மட்டும் மேற்கோள் காட்டி, பிறகு வந்ததைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் விடுகிறார்களா, தெரிந்து விடுகிறார்களா என்பது வேறு கதை.

கேள்வி: பாடநூலை ஆதாரமாகக் காட்டலாமா?
– உயர்தர மாணவன், சாவகச்சேரி

பரீட்சைக்குக் காட்டலாம், ஆய்வுக்கு வேண்டாம். அது மூன்றாம்நிலை, யாரோ சுருக்கியதை இன்னொருவர் சுருக்கியது. "பாடநூல்களில் வடபகுதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது" என்பதே உங்கள் ஆய்வாக இருந்தால் மட்டும், தம்பி, அதே பாடநூல் முதல்நிலை ஆகிவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பவை கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர், முப்பத்தோராம் நாள் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு நூல்கள்) ஒரு பெட்டி நிறைய. கனடாவில் இருக்கும் மகன் "அப்பா, இதெல்லாம் ஆதாரம் இல்லை" என்கிறான். நிறுத்திவிடவா?
– ஓய்வுபெற்ற அதிபர், வலிகாமம் மேற்கு

நிறுத்த வேண்டாம் ஐயா. மகனிடம் சொல்லுங்கள், அந்தப் பெட்டியைக் கண்டால் எந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். என்ன, அதை வாசிக்கிற விதம் ஒன்று இருக்கிறது.

மலரின் முன்பக்கத்தில் "எமது ஆலயம் ஆயிரம் ஆண்டு பழமை வாய்ந்தது" என்று ஒரு கட்டுரை இருக்கும். அதைத் தள்ளி வையுங்கள். எழுதியவருக்கு அது எப்படித் தெரியும் என்று கட்டுரையில் இருக்காது, முந்திய மலரிலிருந்து எடுத்திருப்பார், அந்த மலர் அதற்கு முந்தியதிலிருந்து. நாலு மலரில் ஒரே கதை வந்தால் நாலு சாட்சி என்று நினைக்கக் கூடாது, ஒரு சாட்சியை நாலு தரம் கேட்டதுதான் அது. பொருள் கிடப்பது பின்பக்கத்தில்: உபயகாரர் பட்டியல், திருப்பணி வரவு செலவு, பரிபாலன சபை உறுப்பினர் பெயர், எந்தத் திருவிழா யாருடையது, அச்சிட்ட அச்சகம், கடை விளம்பரம். யாரும் வருங்கால ஆய்வாளரை நினைத்து விளம்பரம் போடுவதில்லை, அதனால்தான் அதை நம்பலாம். 1960களில் எந்தச் சந்தியில் சைக்கிள் கடை இருந்தது, எந்த வருடத்திலிருந்து உபயகாரர் பெயருக்குப் பக்கத்தில் இலண்டன், சுவிஸ், கனடா என்று வரத் தொடங்கியது, எந்தக் குடும்பங்களின் பெயர் திருவிழாப் பட்டியலில் இல்லவே இல்லை, இவையெல்லாம் ஊர் வரலாறுதான். கடைசியாகச் சொன்னதை எழுதினால் ஊருக்குள் கொஞ்சம் சத்தம் வரும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

கல்வெட்டில் வம்சாவளிப் பகுதி நல்ல ஆதாரம், முக்கியமாகப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மட்டத்தில், ஏனென்றால் பிழை விட்டிருந்தால் அன்றைக்கே வீட்டில் சண்டை வந்திருக்கும். நாலு தலைமுறைக்கு மேலே போகப் போகப் பிடிமானம் குறையும். இறந்தவர் குணநலன் பற்றிய வெண்பாக்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இவற்றோடு காணி உறுதிகளையும் சேருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய சீதன உறுதி ஒன்றை எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள்: காணியின் பெயர், பரப்புக் குழி, கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு எல்லைகளில் யார் யார் காணி, எது ஒழுங்கை, கிணற்றில் எத்தனை பங்கு, போய்வரவும் தண்ணீர் வார்க்கவும் வழி வாய்க்கால் உரிமை யாருக்கு, நாட்டின பனை எத்தனை, எந்த நொத்தாரிசு முன்னிலையில் எழுதியது. பக்கத்துக் காணிகளின் உறுதிகளும் நாலைந்து கிடைத்தால் ஒரு குறிச்சியின் வரைபடமே கீறிவிடலாம். வீட்டில் உறுதி இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தையும் ஒரு தரம் வாசித்துவிட்டால் அந்த உறுதிகளில் ஏன் அம்மாவின் காணி மகளுக்கே போகிறது என்று விளங்கும்.

மலர்களை ஸ்கான் பண்ணிக் கொடுக்க மனமிருந்தால் நூலகம் நிறுவனத்தோடு கதையுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து எல்லாருக்கும் இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரின் மற்ற மலர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கவும் கூடும், முதலில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: யாழ் மாவட்டத்தின் 1981ஆம் ஆண்டுச் சனத்தொகை ஒரு நூலில் 830,552 என்றும் இன்னொன்றில் 738,788 என்றும் இருக்கிறது. இரண்டுமே குடிசன மதிப்பீடு (கணக்கெடுப்பு) என்றுதான் போட்டிருக்கிறது. எது பிழை?
– புவியியல் மாணவன், நல்லூர்

இரண்டும் சரி. 1981இல் கணக்கெடுக்கும்போது கிளிநொச்சி யாழ் மாவட்டத்துக்குள் இருந்தது. 1984இல்தான் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். முதல் எண் அன்றைய முழு மாவட்டம், இரண்டாவது கிளிநொச்சியின் 91,764 பேரைக் கழித்து இன்றைய எல்லைக்குப் பொருத்தியது. கழித்துப் பாருங்கள், அச்சொட்டாக வரும்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2012 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டம் 583,882. பெரிய எண்ணிலிருந்து கழித்தால் 246,670 பேர் குறைந்ததாக வரும், இன்றைய எல்லைக்குரிய எண்ணிலிருந்து கழித்தால் 154,906. முதல் கணக்கை எழுதினால் கிளிநொச்சியில் இருந்த சனத்தையும் சேர்த்து யாழ்ப்பாணத்தை விட்டுப் போனதாக எழுதியவர் ஆவீர்கள். இப்படி எழுதிய கட்டுரைகள் எத்தனையோ சுற்றித் திரிகின்றன.

2001 எண்ணைத் தேடி அலைய வேண்டாம். அந்தக் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது, யாழ்ப்பாணம் அதில் இல்லை, ஆகவே 2001 என்று எங்கே எந்த எண்ணைக் கண்டாலும் அது மதிப்பிட்டுப் போட்டது. கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) புள்ளிவிபரக் கையேட்டு எண்கள் பிரதேச செயலகங்களும் கிராம அலுவலர்களும் பதிந்து வைத்திருப்பதிலிருந்து வருபவை, அதுவும் பயனுள்ளதுதான், ஆனால் ஒரே அட்டவணையில் குடிசன மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் வைக்கக் கூடாது. எந்த எண்ணை எடுத்தாலும் யார் எண்ணினார்கள், எந்த எல்லைக்குள் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள் என்று கீழே ஒரு வரி போடுங்கள்.

கேள்வி: நான் விவசாய பீடம். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று பற்றிச் செய்கிறேன். வரலாறு படிக்கிற நண்பன் "சஞ்சிகைக் கட்டுரை எல்லாம் இரண்டாம்நிலை" என்கிறான். எங்கள் மிஸ் அதையே முதல்நிலை என்கிறார்.
– மாணவி, கிளிநொச்சி

நண்பனை அவருடைய பாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விஞ்ஞானத்தில், தாங்களே மாதிரி எடுத்து, ஆய்வுகூடத்தில் அளந்து, அளந்ததை முதன்முதலாக வெளியிடுகிற கட்டுரை முதல்நிலை. அப்படிப்பட்ட கட்டுரைகளைச் சேர்த்து "யாழ்ப்பாண நிலத்தடி நீர் பற்றி இதுவரை தெரிந்தவை" என்று எழுதுவது மீளாய்வுக் கட்டுரை, அது இரண்டாம்நிலை. தொடங்குவதற்கு மீளாய்வு நல்லது, எண்ணை எடுப்பதென்றால் மூலக் கட்டுரைக்கே போங்கள்.

ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு கட்டுரையில் ஒரு கிணற்றுக்கு லீற்றருக்கு 12 மில்லிகிராம், இன்னொன்றில் 45 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது கிணறுதான் மோசம். ஆனால் முதல் கட்டுரை நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டிருந்தால், இரண்டாவது முழு நைத்திரேற்றையும் கணக்கிட்டிருந்தால்? நைதரசன் கணக்கை ஏறக்குறைய 4.43ஆல் பெருக்க வேண்டும், அப்போது 12 என்பது 53 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு நைத்திரேற்றாக 50, நைதரசனாக ஏறக்குறைய 11. குறைவாகத் தெரிந்த கிணறுதான் எல்லையைத் தாண்டியிருக்கிறது! இது சுருக்கப் பகுதியில் இருக்காது, முறையியல் பகுதியிலோ அட்டவணைத் தலைப்பிலோ சின்ன எழுத்தில் இருக்கும். மாரி மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியா, ஆடி ஆவணி வறட்சியில் எடுத்ததா, தோட்டக் கிணறா வீட்டுக் கிணறா என்பதும் அங்கேதான். சுருக்கத்தை மட்டும் வாசித்து மேற்கோள் காட்டுகிற பழக்கத்தை முதலாம் வருடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் போடுகிற அறிக்கைகள் சஞ்சிகையில் வருவதில்லை, மதிப்பீட்டாளர் பார்ப்பதுமில்லை. ஆனால் எங்கள் பகுதித் தண்ணீர் பற்றிப் பல தரவுகள் அங்கே மட்டும்தான் இருக்கும். எடுங்கள், திட்ட அறிக்கை என்று சொல்லி எடுங்கள். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் தேடினால் பலவற்றை முழுமையாகவே இறக்கலாம்.

கேள்வி: "உங்கள் கட்டுரையை மூன்றே நாளில் மதிப்பிட்டுப் பிரசுரிப்போம், 150 டொலர் மட்டும்" என்று ஒரு சர்வதேசச் சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல். "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று வேறு விளிக்கிறார்கள். அனுப்பவா?
– உதவி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பேராசிரியர் ஆகும்வரை பொறுங்கள், அவசரம் வேண்டாம்.

துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் ஒரு கட்டுரையை வாசித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, திரும்ப வாசிப்பதற்கு மாதக்கணக்கில் எடுக்கும். மூன்று நாளில் முடிகிறதென்றால் உங்கள் டொலரை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், கட்டுரையைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட சஞ்சிகைகளை ஜெப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் பட்டியலிட்டு வந்தார், 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார். இப்போது மறுபக்கமாகப் பாருங்கள்: டோஜ் (DOAJ) என்ற திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விபரக்கோவையில் பெயர் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவர்களே இந்தச் சஞ்சிகையைச் சொல்கிறார்களா, பழைய இதழ்களில் தேங்காய் வியாபாரமும் இருதய சத்திரசிகிச்சையும் ஒரே இதழில் வந்திருக்கிறதா. காசு கேட்பது மட்டும் குற்றமில்லை, நல்ல திறந்த சஞ்சிகைகளும் கட்டணம் வாங்குகின்றன.

மதிப்பீடு செய்த சஞ்சிகை என்றாலே வேதவாக்கு என்றும் நினைக்க வேண்டாம். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் வந்தது லான்செட்டில், வெறும் 12 பிள்ளைகளை வைத்து. அது மீளப்பெறப்பட்டது 2010இல். ஆகவே பழைய கட்டுரை ஒன்றை எடுக்கும்போது சஞ்சிகையின் தளத்துக்கே போய் "மீளப்பெறப்பட்டது" என்று மேலே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: சாட்ஜிபிடி என் தலைப்புக்கு ஐந்து புத்தகம் சொன்னது, ஆசிரியர் பெயர், வருடம், பக்க எண்ணோடு. கம்பஸ் நூலகத்திலும் இல்லை, இணையத்திலும் இல்லை. விக்கிப்பீடியாவாவது பரவாயில்லையா?
– மாணவன், மானிப்பாய்

இல்லாத புத்தகத்தை எந்த நூலகத்தில் தேடுவீர்கள் தம்பி. அது சொல் எப்படி அடுத்தடுத்து வரும் என்று பார்த்து எழுதுகிற இயந்திரம், புத்தகப் பட்டியல்போல ஒன்றைக் கேட்டால் புத்தகப் பட்டியல்போல ஒன்றைத் தரும். 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் அது சொன்ன ஆறு வழக்குகளை நீதிமன்றத்தில் போட்டார்கள், ஆறும் நடக்காத வழக்குகள், 5,000 டொலர் தண்டம். தேடுவதற்கு எந்தச் சொல்லைப் பாவிக்கலாம் என்று அதனிடம் கேளுங்கள், அதோடு நிறுத்துங்கள். அது மூலமும் இல்லை, எந்த நிலையும் இல்லை.

விக்கிப்பீடியா எவ்வளவோ மேல், ஏனென்றால் கீழே அடிக்குறிப்பு இருக்கிறது. கட்டுரையை வாசித்து விஷயத்தைப் பிடியுங்கள், பிறகு அடிக்குறிப்பில் உள்ள நூலை எடுத்து அதை மேற்கோள் காட்டுங்கள். அடிக்குறிப்பு இல்லாத வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அது எவ்வளவு வடிவான வாக்கியமாக இருந்தாலும்.

கேள்வி: எனக்கு வேண்டிய பழைய நூல் 1981க்கு முன் யாழ் பொது நூலகத்தில் இருந்ததாக ஒரு கட்டுரையில் கண்டேன். இனி அதற்கு வழியே இல்லையா?
– முதுமாணி மாணவி, வவுனியா

அந்தப் பிரதிக்கு வழியில்லை. 1981இல் நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன, அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. கையெழுத்துச் சுவடி என்றால் உண்மையிலேயே போனதுதான்.

அச்சு நூல் என்றால் நம்பிக்கையை விட வேண்டாம், அச்சடித்தது ஒரு பிரதியாக இருக்காதே. 1885ஆம் ஆண்டின் அச்சகர், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி அச்சாகிற நூல்களை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், ஆகவே கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். பிரித்தானிய நூலகத்தின் இணையப் பட்டியலைத் தேடுங்கள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் மட்டுமல்ல, சென்னையிலும் அச்சுக்கூடம் வைத்திருந்தவர், எங்கள் ஆட்களின் நூல்கள் எத்தனையோ அங்கேயும் அச்சாகின, அதனால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் விடாதீர்கள். நூலகம் தளத்தைச் சொல்லவே தேவையில்லை. எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேட வேண்டும், பழைய பட்டியல்களில் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் மனம்போல இருக்கும். இவ்வளவும் செய்து கிடைக்காவிட்டால், அந்த நூலைப் பற்றி வேறொருவர் எழுதியதை "இன்னாரின் நூலில் எடுத்துக்காட்டப்பட்டது" என்று சொல்லிப் பாவிக்கலாம். நேரே பார்த்ததுபோல மட்டும் எழுதக் கூடாது.

கேள்வி: 1995 இடப்பெயர்வு பற்றி அம்மம்மா சொன்னதை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். அம்மம்மாவை உசாத்துணையில் எப்படிப் போடுவது?
– சமூகவியல் மாணவி, கைதடி

கேட்டதே சந்தோஷம். எங்கள் ஊரில் கடதாசியில் இல்லாதது எவ்வளவோ இப்படிப்பட்ட வாய்களில்தான் இருக்கிறது, கேட்கிற ஆட்கள்தான் குறைவு.

வாய்மொழி முதல்நிலை மூலம். ஆனால் எதற்கு நல்ல சாட்சி, எதற்கு இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய அந்த ஒக்டோபர் 30 இரவு எதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள், வரமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டது யார், மாட்டை அவிழ்த்துவிட்டார்களா, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் பிடித்தது, தென்மராட்சியில் யார் வீட்டு விறாந்தையில் படுத்தார்கள், இதற்கெல்லாம் அம்மம்மாவுக்கு மேல் சாட்சி இல்லை. மொத்தம் எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள் என்று அவரிடம் கேட்கக் கூடாது, அதற்கு அறிக்கைகளும் அன்றைய பத்திரிகைகளும் இருக்கின்றன. திகதிகளிலும் கவனம். எங்கள் பெரியவர்கள் வருடம் சொல்வதில்லை, "இந்தியன் ஆமி வந்த நேரம்", "பெரியவள் சாமத்தியப்பட்ட வருஷம்" என்றுதான் சொல்வார்கள். அதை நீங்களாக 1987 என்றோ 1992 என்றோ மாற்றி எழுதினால், மாற்றியது நீங்கள் என்று அடிக்குறிப்பில் காட்டுங்கள். 30 வருடமாகத் திரும்பத் திரும்பச் சொன்ன கதைக்கு ஒரு மெருகு ஏறியிருக்கும், அதனால் அதே பாலத்தை அதே இரவில் கடந்த இன்னும் இரண்டு மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒருவர் கதையை மற்றவர் திருத்துவார்.

உசாத்துணையில் போடும் விதம் துறைக்குத் துறை வேறு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையில், நீங்களே எடுத்த, மற்றவர் போய்ப் பார்க்க முடியாத நேர்காணலை இறுதிப் பட்டியலில் சேர்ப்பதில்லை, கட்டுரைக்குள்ளேயே குறிப்பிட்டால் போதும். வரலாற்றுத் துறையில் பெரும்பாலும் நேர்காணல்களுக்குத் தனிப் பட்டியல் கேட்பார்கள். உங்கள் துறையின் கையேட்டைப் பாருங்கள். பெயரைப் போடுவதா, "பெண், 78 வயது, கைதடி" என்று மட்டும் போடுவதா என்பதை அம்மம்மாவிடமே கேட்க வேண்டும், கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் ஒலிப்பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் வயதும் ஊரும் போட்டாலே ஆளைத் தெரிந்துவிடும் என்பதையும் அவருக்கு விளங்கப்படுத்துங்கள். எழுதி முடித்த பகுதியை வாசித்துக் காட்டுங்கள். "இந்த இடத்தை எடுத்துவிடு பிள்ளை" என்றால், அது எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: குறைந்தது எத்தனை உசாத்துணை இருந்தால் நல்ல புள்ளி கிடைக்கும்?
– பெயர் வேண்டாம், சுன்னாகம்

பெயர் போடாதது நல்லது. எண்ணிக்கைக்குப் புள்ளி இல்லை. பட்டியல் நீளட்டும் என்று அட்டையை மட்டும் பார்த்த புத்தகத்தைச் சேர்த்தீர்கள் என்றால், வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) முதல் கேள்வி அந்தப் புத்தகத்திலிருந்துதான் வரும். பரீட்சகர்களுக்கு அதில் ஒரு மோப்பம் உண்டு.